ஜாக்கி போடுமுன் ஒரு நிமிடம்
தாராசுரத்தில் கார் வைத்திருக்கும் குடும்பத்தினருக்காக நிகழ்த்திய செய்முறை உரையின் எழுத்து வடிவம்

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள், வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சின்னக் காரை வீட்டு வாசலில் நிறுத்தி, ஜாக்கி போட்டு, நான்கு டயர்களையும் இடம் மாற்றிப் போடுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. டயர் மாற்றுவதை எந்த பஞ்சர் கடையிலும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கார் நம் மேல் விழாமல் மாற்றுவதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

என் இடது கையைப் பாருங்கள். மோதிர விரலில் மேல் கணு இல்லை. பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, எல்லாம் தெரியும் என்கிற வயசு. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். மண் தரையில் ஒரு கார். ஜாக்கி எட்டவில்லை என்று அடியில் ஒரு செங்கல்லை வைத்தேன். பின் சக்கரத்தைக் கழற்றியாச்சு. இறுகிப்போன இன்னொரு சாமானைப் பலமாகத் தட்டினேன். செங்கல் இரண்டாகப் பிளந்தது. 'டக்' என்று ஒரே சத்தம். அவ்வளவுதான், யோசிக்க நேரமே இல்லை.

விரல் போனது என் தப்பால். தலை தப்பியது என் சாமர்த்தியத்தால் இல்லை. பட்டறையில் இருந்த வயசான மேஸ்திரி, நான் கழற்றி ஓரமாக உருட்டிவிட்ட சக்கரத்தை எடுத்து, ஒன்றும் பேசாமல் காருக்கு அடியில் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தார். கார் வந்து அதன் மேல்தான் உட்கார்ந்தது. அது இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தப் பேச்சு இல்லை. இனி நான் சொல்லப்போகிற எல்லாவற்றையும் மறந்தாலும் பரவாயில்லை, அந்தச் சக்கரத்தை மட்டும் மறக்காதீர்கள்.

முதலில், டயரை ஏன் இடம் மாற்ற வேண்டும்? இன்று நம் தெருவில் நிற்கிற சின்னக் கார்கள் அநேகமாக எல்லாமே முன் சக்கரத்தால் ஓடுகிறவை. இழுப்பது முன் சக்கரம், திரும்புவது முன் சக்கரம், பிரேக் பிடித்தால் பாரம் சாய்வதும் முன் பக்கம். இன்ஜினும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பின் சக்கரம் சும்மா கூடவே உருண்டு வருகிறது. அதனால் முன் டயர் சீக்கிரம் தேயும். அப்படியே விட்டால் முன் இரண்டும் மொட்டையாகிவிடும், பின் இரண்டும் புதுசு போல இருக்கும். 5,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றிப் போட்டால் நான்கும் ஒரே சீராகத் தேயும். உங்கள் வண்டிக்கு எத்தனை என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். அந்தப் புத்தகம் டேஷ்போர்டு பெட்டியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போய் அதைப் பிரியுங்கள்.

இது காசு மிச்சம் பிடிக்கிற விஷயம் மட்டுமில்லை. கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. அளக்கக் கருவி தேவையில்லை. டயரின் பள்ளத்துக்குள் குறுக்காகச் சின்ன மேடு ஒன்று இருக்கும். டயரின் மேல்பாகம் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், அந்த டயரின் ஆயுள் முடிந்தது. மழை நாளில் அரசலாற்றுப் பாலத்தில் தண்ணீர் நிற்கும்போது பிரேக் பிடித்தால், அந்தப் பள்ளம்தான் தண்ணீரை வெளியே தள்ளி டயரைத் தார்மேல் உட்கார வைக்கிறது. பள்ளம் இல்லாத டயர் தண்ணீரின் மேல் மிதந்து வழுக்கும்.

சரி, காரை எங்கே நிறுத்துவது? இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காவிரி கொண்டு வந்து போட்ட மண் நம் மண். நெல்லுக்கு அமிர்தம், ஜாக்கிக்கு எமன். மேலே பார்த்தால் காய்ந்து பாளம் விட்டிருக்கும். நாலு விரல் ஆழத்தில் ஈரம் அப்படியே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு சிறிய காரின் காலி எடை சுமார் 700 முதல் 850 கிலோ. ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியில் விழும் பாரத்தைச் சுமார் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிறார்களே 40 கிலோ சிப்பம், அதில் ஆறு சிப்பத்துக்கு மேல். அவ்வளவு பாரமும் ஜாக்கியின் உள்ளங்கை அகல அடித்தட்டு வழியாக மண்ணில் இறங்குகிறது. அந்த அடித்தட்டு சுமார் 80 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் மூன்று கிலோ அழுத்துகிறது. ஈர மண் அதைத் தாங்காது. ஒரு பக்கமாகத்தான் அழுந்தும், அதனால் ஜாக்கி சாயும். அடியில் ஓரடிக்கு ஓரடி பலகை ஒன்றைப் போட்டுவிட்டால், அதே பாரம் 900 சதுர சென்டிமீட்டரில் பரவிவிடும். சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம்கூட வராது.

பலகை ஒன்றரை அங்குல கனமாவது இருக்கட்டும். தேக்கோ வேம்போ, விரிசல் இல்லாத கட்டையாக இருந்தால் போதும். ஆசாரியிடம் சொன்னால் மிச்சத் துண்டிலேயே அறுத்துத் தருவார். அதை டிக்கியில் ஜாக்கியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். செங்கல் வேண்டாம், ஹாலோ பிளாக் வேண்டாம், ஓடு வேண்டாம். சுட்ட மண் பாரத்தைத் தாங்கும், தாங்கிக்கொண்டே இருக்கும், ஒரு அதிர்ச்சியில் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். மரம் முதலில் நசுங்கும், முனகும், நமக்குத் தகவல் சொல்லும்.

பலகை போட்டாலும் மேடு பள்ளமான இடத்தில், வாசல் சரிவில், வாய்க்கால் கரையில் காரைத் தூக்காதீர்கள். வீட்டு வாசலில் நாம் போட்டிருக்கிற சிமெண்ட் சரிவு காரை ஏற்றுவதற்குத்தான், அதில் வைத்துத் தூக்குவதற்கு இல்லை. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கும் இடமும் ஆகாது. நெல்மணி ஒவ்வொன்றும் ஜாக்கிக்கு அடியில் ஒரு குட்டி உருளை. வைக்கோல் பரப்பிய இடத்தில் காரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஓடி வந்த காரின் சைலன்சர் சூட்டுக்கு வைக்கோல் பற்றிக்கொள்ளும்.

அடுத்தது கார் நகராமல் பார்த்துக்கொள்வது. "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேனே அண்ணே, எப்படி நகரும்?" என்று கேட்பார்கள். நகரும். எப்படி என்று சொல்கிறேன், இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

சின்னக் காரில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும். கியரில் போட்டு நிறுத்தினால், இன்ஜின் பிடித்து வைத்திருப்பது முன் சக்கரங்களை மட்டும். ஆக இரண்டு பிடிமானம். இப்போது முன் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டீர்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் சுற்றுவதற்காக வைத்த ஏற்பாடு அது. காற்றில் இருக்கிற சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் தாராளமாக உருளும். கியரின் பிடி முழுசாகப் போய்விட்டது. அப்போது காரை நிறுத்தி வைத்திருப்பது பின்னால் இருக்கிற ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். பின் சக்கரத்தைத் தூக்கினால் கதை தலைகீழ். ஹேண்ட் பிரேக்குக்குத் தரையில் ஒரே ஒரு சக்கரம்தான் மிச்சம். அப்போது கியர்தான் கை கொடுக்கிறது. அதனால் எந்தச் சக்கரத்தைத் தூக்கினாலும் ஹேண்ட் பிரேக்கும் வேண்டும், முதல் கியரும் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பார்க்கிங்கில் போட வேண்டும். இந்த இரண்டும் போதாது என்று மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்.

அந்த மூன்றாவது பொருள் நமக்குப் புதுசு இல்லை, முட்டுக்கட்டை! தேர் ஓடும்போது பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தோரம் கட்டையோடு ஓடுகிற சிலர்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. அதற்கு அப்புறமும் அங்கே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் வேலையை விட்டுவிடவில்லை. நம் 800 கிலோ காருக்கு ஆப்பு மாதிரி சரிவாக அறுத்த இரண்டு மரத்துண்டு போதும். தூக்கப்போகும் சக்கரத்துக்கு நேர் குறுக்கே, எதிர் மூலையில் இருக்கிற சக்கரத்தின் முன்னும் பின்னும் நெருக்கி வையுங்கள். முன் இடது சக்கரத்தைத் தூக்கினால் பின் வலதுக்கு முட்டு. பின் இடது என்றால் முன் வலதுக்கு. கருங்கல் துண்டும் பரவாயில்லை. உருண்டைக் கல் மட்டும் வேண்டாம்.

ஜாக்கியை எங்கே கொடுப்பது? கதவுக்குக் கீழே காரின் நீளவாட்டில் ஓடும் தகட்டு விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு இடத்திலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒரு இடத்திலும் வெட்டு வைத்த மாதிரி அடையாளம் இருக்கும். அந்தந்த இடத்தில் இருக்கிற இரண்டு வெட்டுக்கும் நடுவில் உள்ள பாகம்தான் தடித்த தகடு. ஜாக்கியின் தலையில் இருக்கிற பள்ளத்துக்குள் அந்த விளிம்பு உட்கார வேண்டும். வேறு எங்கே கொடுத்தாலும், தரைத்தகடு குழியும், இல்லாவிட்டால் வழுக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்த விளிம்பை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குத் துரு உள்ளே உள்ளேயே தின்னும். குத்தியது உள்ளே இறங்கினால் அந்த வண்டியை வீட்டில் தூக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். முதலில் வெல்டிங், அப்புறம்தான் டயர்.

தூக்குவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். கழற்ற வேண்டாம், அரைச்சுற்று மட்டும். பலம் போடுகிற வேலை எல்லாம் சக்கரம் தரையில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். காரைத் தூக்கிய பிறகு ஸ்பேனரில் தொங்கினால், நீங்கள் தள்ளுவது நட்டை இல்லை, காரை. நட்டு அசையாவிட்டால் ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி நீளப்படுத்திக்கொள்ளலாம். பல இடங்களில் காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மீறி இறுக்கிவிடுகிறார்கள், அதனால் வீட்டுக்காரம்மா நடுரோட்டில் தனியாக நின்று கழற்ற முடியாமல் போகிறது. பஞ்சர் ஒட்டி முடிந்ததும், "தம்பி, கடைசி இறுக்கு கையால போடுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இப்போது தூக்கலாம். காருக்குள் யாரும் இருக்கக்கூடாது, தூங்குகிற குழந்தையும்தான். கதவுகள் சாத்தியிருக்கட்டும். ஜாக்கி நிமிர்ந்து நேராக நிற்கிறதா என்று முன்னால் இருந்து ஒரு தடவை, பக்கத்தில் இருந்து ஒரு தடவை பாருங்கள். நாலு சுற்று சுற்றியதும் நிறுத்தி மறுபடி பாருங்கள். சாய்வாகத் தெரிந்தால் 'பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம்' என்று தொடராதீர்கள், இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். டயர் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பினால் போதும். அதற்கு மேல் தூக்குகிற ஒவ்வொரு அங்குலமும் ஜாக்கியைத் தள்ளாட வைக்கும்.

கொஞ்சம் எழும்பியதுமே ஸ்டெப்னியைப் படுக்கைவாட்டில் காருக்கு அடியில், ஜாக்கிக்குப் பக்கத்தில், அந்த விளிம்புக்குக் கீழே தள்ளிவிடுங்கள். மேஸ்திரி வைத்த அதே இடம். ஜாக்கி நழுவினாலும் கார் அதன் மேல் உட்காரும். ரிம்மில் கீறல் விழலாம், விழட்டும்.

ஸ்டெப்னி என்ற பேர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்று ஒரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதுவரை வந்த கார்களில் உபரிச் சக்கரமே கிடையாது. அந்தத் தெருவின் பேர் நம் டிக்கியில் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

இனி இடமாற்றம். சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முன் இடது டயரில் 1 என்று எழுதுங்கள். பின் இடதில் 2. முன் வலதில் 3. பின் வலதில் 4. இந்த வரிசை முக்கியம், மாற்றிவிடாதீர்கள். முன் சக்கரத்தால் ஓடும் காரில் முன் டயர்கள் நேராகப் பின்னால் போக வேண்டும், பின் டயர்கள் பக்கம் மாறி முன்னால் வர வேண்டும். கையில் இருப்பதோ ஒரே ஜாக்கி. கவலை வேண்டாம், ஸ்டெப்னி இருக்கிறது.

முன் இடது மூலையைத் தூக்குங்கள். 1-ஐக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி இறக்குங்கள். பின் இடதுக்குப் போங்கள். 2-ஐக் கழற்றி அங்கே 1-ஐ மாட்டுங்கள். அடுத்து முன் வலது. 3-ஐக் கழற்றி 2-ஐ மாட்டுங்கள். அப்புறம் பின் வலது. 4-ஐக் கழற்றி 3-ஐ மாட்டுங்கள். கையில் 4 மிச்சம். மறுபடி முன் இடதுக்கு வந்து ஸ்டெப்னியைக் கழற்றி 4-ஐ மாட்டினால் வேலை முடிந்தது. மொத்தம் ஐந்தே முறை ஜாக்கி. பக்கம் மாற்றாமல் முன்னதைப் பின்னால், பின்னதை முன்னால் என்று போட்டால் ஒரு பக்கத்துக்கு மூன்று முறை, இரண்டு பக்கத்துக்கும் ஆறு முறை தூக்க வேண்டியிருக்கும். குறுக்கே மாற்றுவதுதான் சுலபம் என்பது பட்டறைக்காரர்கள் பலருக்கே தெரியாது, ஏனென்றால் அவர்களிடம் லிஃப்ட் இருக்கிறது.

இதில் இன்னொரு சௌகரியத்தைக் கவனித்தீர்களா? எந்த நேரத்திலும் தரையை விட்டு எழும்பியிருப்பது ஒரே ஒரு மூலைதான். எந்த நேரத்திலும் உங்கள் கையில் ஒரு சக்கரம் உபரியாக இருக்கிறது, அது காருக்கு அடியில் படுத்திருக்கலாம். சக்கரம் கழன்று வந்ததும் அதை அடியில் படுக்க வையுங்கள், அங்கே கிடந்ததை எடுத்து மாட்டுங்கள். மாட்டிய பிறகு, இறக்குவதற்கு முன்னால், அடியில் கிடப்பதை டயரின் ஓரத்தைப் பிடித்து இழுத்து எடுங்கள். கையை அந்தப் பக்கம் வரை நீட்ட வேண்டாம். ஒவ்வொரு மூலைக்கும் முட்டுக்கட்டையையும் மறக்காமல் இடம் மாற்றுங்கள்.

எல்லா டயரையும் இப்படிப் பக்கம் மாற்ற முடியாது. பக்கச் சுவரில் அம்புக்குறி போட்டு, ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும் என்று இருந்தால், அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டும்தான் மாற்ற வேண்டும். சில வண்டிகளில் ஸ்டெப்னி மற்ற சக்கரத்தைவிட ஒல்லியாக இருக்கும். நின்ற இடத்தில் இப்படி முட்டுக்கு உதவும், அதை மாட்டிக்கொண்டு நிரந்தரமாக ஓட்டக்கூடாது. இன்னொன்று, 2020-இல் விதி திருத்தப்பட்ட பிறகு, டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே சிறிய வண்டிகளை விற்கலாம். உங்கள் வண்டி அந்த ரகம் என்றால் இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். லிஃப்ட் இருக்கிற கடைக்குப் போங்கள்.

சக்கரம் நட்டைக் கழற்றிய பிறகும் துருவால் ஒட்டிக்கொண்டு வராமல் அடம் பிடிக்கும். ஜாக்கியில் நிற்கிற காரை எட்டி உதைக்காதீர்கள். என் விரலை நினைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளை மறுபடி விரலால் லேசாக மாட்டி, காரைத் தரையில் இறக்கி, முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் ஓரடி நகர்த்துங்கள். காரின் பாரமே அதைப் பிடுங்கிவிடும். பிறகு முட்டு, ஹேண்ட் பிரேக், கியர், மறுபடி முதலிலிருந்து.

மாட்டும்போது நட்டின் கூம்பு வடிவப் பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்கட்டும். முதலில் விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு ஏறாத நட்டு மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். ஒன்றை இறுக்கியதும் அடுத்து அதற்கு எதிரில் இருப்பது, இப்படி மாற்றி மாற்றி. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். வழுக்கிக்கொண்டு தேவைக்கு மேல் இறுகி போல்ட் இழுபட்டுவிடும். கிரீஸ் வேண்டியது ஜாக்கியின் மரைக்குத்தான். வருஷத்துக்கு ஒருமுறை தடவி வையுங்கள், வீட்டில் யார் வேண்டுமானாலும் சுற்றலாம்.

கடைசி இறுக்கு கார் தரையில் இறங்கிய பிறகு. எவ்வளவு? சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் கையேட்டில் போட்டிருப்பார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 35 கிலோ பாரம் தொங்கினால் 85 வரும். அறுபது கிலோ ஆள் அதன் மேல் ஏறி நின்றாலே 147 ஆகிவிடும், ஏறிக் குதித்தால் கணக்கே இல்லை. கையால் நன்றாக அழுத்தி இறுக்கினால் போதும், குழாய் போட வேண்டாம். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, தஞ்சாவூர் போய் வந்தாலே ஆகிவிடும், நட்டுகளை மறுபடி ஒருமுறை சோதியுங்கள். புதுசாக உட்கார்ந்த சக்கரம் கொஞ்சம் படிந்து நட்டு தளர வாய்ப்பு உண்டு.

காற்றையும் பாருங்கள். சில கார்களுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு. டயர் இடம் மாறியதால் அளவும் மாற வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கிற தாளில் அளவு இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பிடியுங்கள், அதன் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், அதையும் படியுங்கள். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாத டயருக்கும் வயசாகும்.

இதெல்லாம் வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில். ரோட்டில் பஞ்சர் ஆனால் வேறு கதை. ரிம் கெட்டாலும் பரவாயில்லை என்று மெதுவாக உருட்டி, சமதளமான ஓரத்துக்குப் போங்கள். நாலு விளக்கும் மினுக்கட்டும், சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள், கூட வந்தவர்களை ரோட்டை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் வலது பக்கச் சக்கரம், வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றன என்றால் ஜாக்கியை எடுக்கவே எடுக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. அவசரம் என்றால் 112. அடிபட்டுவிட்டால் 108. கார் மேலே விழுந்து ஒருவர் மாட்டிக்கொண்டால் நாலு பேர் சேர்ந்து கையால் தூக்கப் பார்ப்பார்கள், பாதியில் ஒருத்தர் கை விட்டால் இரண்டாவது முறை நசுங்கும். இன்னொரு ஜாக்கியைக் கொடுத்துத் தூக்குங்கள், அதற்குள் ஒருத்தர் 108-க்குப் பேசட்டும்.

ஒரு அம்மா சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: "ஜாக்கி போட்டு அடியில் படுத்து ஆயில் ஒழுகுதான்னு பார்க்கலாமா?" கூடாதும்மா. காரோடு வந்த ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும். கடையில் வாங்குகிற ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான், உள்ளே ஒரு வாஷர் கசிந்தால் சத்தமே இல்லாமல் இறங்கும். அடியில் போக வேண்டும் என்றால் இரும்பு ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும், அது பட்டறை வேலை. பையனோ பெண்ணோ இதில் ஆர்வமாக இருந்தால் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேருங்கள். முறையாகக் கற்றுக்கொள்ளட்டும், என்னை மாதிரி விரலைக் கொடுத்துக் கற்க வேண்டாம்.

இன்னொரு சீட்டு. "நம்ம கோயில் கல்தேர்ச் சக்கரத்தை எப்படி சார் மாத்துவாங்க?" எழுதியது யார், சின்னப் பையனா? நல்ல கேள்வி தம்பி. இரண்டாம் ராஜராஜன் காலத்தில் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் அது. முன் மண்டபத்தையே குதிரை இழுக்கிற தேராகச் செய்து சக்கரம் வைத்தார்கள். கோனார்க் தேர்க்கோயிலுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் முந்தியது. அந்தச் சக்கரத்தின் மேல் மண்டபத்தின் பாரம் இல்லை. பாரத்தை அடித்தளம் சுமக்கிறது, சக்கரம் ஒட்டி நிற்கிறது. உங்கப்பா காரில் அப்படி இல்லை.

சரி, பேச்சு போதும். வாசலில் டி.என். 68 நம்பரில் என் காரை நிறுத்தியிருக்கிறேன். பலகை இருக்கிறது, முட்டுக்கட்டை இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது. முதல் நட்டை இதுவரை ஸ்பேனரே பிடிக்காத ஒருவர் தளர்த்த வேண்டும். சீட்டு எழுதிய அம்மா, நீங்களே வாங்க. சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கோங்க, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.